கிழிக்காத வளையங்கள்

சேந்தமலை
19-11-1968

குழலியின் அம்மாவுக்கு, குழந்தைகள் வார்டு அன்னம்மாள் எழுதிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் என்றதும் என்னவோ ஏதோ என்று பிரித்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. குழலி நன்றாகச் சாப்பிடுகிறாள். மார்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் போட்ட மாவுக்கட்டு அப்படியே இருக்கிறது. இடுப்பு எலும்பில் நோய் அரித்த இடம் மூடி வருவதாக டாக்டர் சொன்னார். இன்னும் நாலு மாதம் இப்படியே மல்லாந்து கிடந்தால் கட்டைப் பிரித்துவிடலாமாம்.

நான் டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. படுத்த படுக்கையாக இருக்கும் இருபத்து நான்கு பிள்ளைகளின் கைகளைச் சும்மா இருக்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம். கை சும்மா இருந்தால் கட்டைச் சுரண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் முடியைப் பிடித்து இழுக்கும்.

கிறிஸ்துமஸ் வருகிறது. கடையில் வாங்கித் தொங்கவிட இங்கே வசதி கிடையாது, எனக்கு அதில் இஷ்டமும் இல்லை. பிள்ளைகளே செய்யட்டும். துடைப்பக் குச்சியில் நட்சத்திரம், தீப்பெட்டியில் தொட்டில், பழைய கல்யாணப் பத்திரிகையில் வளையச் சங்கிலி, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் வீட்டில் கிடப்பதில் ஏதாவது கொஞ்சம் அனுப்பச் சொல்லி எழுதுகிறேன். தூத்துக்குடிப் பிள்ளைக்குச் சிப்பி வந்துவிட்டது. உங்கள் மகளைக் கேட்டேன். "எங்க வீட்ல நூலு இருக்குது டீச்சர். எவ்ளோ வேணும்னாலும் இருக்குது" என்று கையை விரித்துக் காட்டினாள்.

டிசம்பர் 25-ஆம் தேதி பெற்றோர் பார்க்கும் நாள். காலை பத்து முதல் மாலை நாலு வரை. அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
அன்னம்மாள்


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
27-11-1968

டீச்சரம்மாவுக்கு தையல்நாயகி எழுதியது.

கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் சபாபதி இரண்டு தடவை படித்தார். "நூலு கேட்பாங்க, அப்பால பாட்டு சொல்லிக் குடுப்பாங்க, அப்பால பேரை மாத்துவாங்க" என்றார். ஏகாம்பரநாதர் கோவில் அம்மன் பேரை வைத்து ஏலவார்குழலி என்று கூப்பிடுகிற பிள்ளை. பேரில் கை வைத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். நட்சத்திரம் கட்டுவதில் தப்பில்லை. வானத்தில் இருப்பது எல்லாருக்கும் பொதுதானே.

மூட்டை அனுப்பியிருக்கிறேன். தறியில் கழிந்த பட்டு நூல் மூன்று நிறத்தில், சரிகைத் துண்டு கொஞ்சம், தீப்பெட்டி பதினொன்று, கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு. மூன்று நாளாகச் சேர்த்தேன். சின்னவன் கந்தன், இரண்டு வயசு, அந்த நூல் குவியலை விட்டு இறங்கமாட்டேன் என்று அதன் மேலேயே புரண்டு அங்கேயே தூங்கிப்போனான். உடம்பு வேறு லேசாகக் கதகதவென்று இருக்கிறது. தூக்கிக் கீழே போட்டுவிட்டுத்தான் மூட்டையைக் கட்டினேன்.

குழலிக்கு நிறம் கொடுக்கும்போது வரிசையைக் கேளுங்கள். அவள் தூளி தறிப் பக்கத்தில்தான் தொங்கியது. அவள் அப்பா புடவைக் கரை நெய்யும்போது வாய்விட்டு எண்ணுவார். "அரக்கு மூணு, மாம்பழம் ஒண்ணு, பச்சை ரெண்டு, மாம்பழம் ஒண்ணு." அம்மா அப்பா என்று சொல்லுவதற்கு முன்னால் அவள் இதைத்தான் சொன்னாள். எதை அடுக்கினாலும் அப்படித்தான் அடுக்குவாள், கத்தரிக்காயைக் கொடுத்தாலும்.

ஒன்று கேட்கவேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது. செப்டம்பரில் நாங்கள் வந்தபோது கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு உங்கள் புடவையைப் பிடித்து இழுத்து, "இது யாரு?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வருகிற வரைக்கும் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளை பத்து மாதத்தில் பெற்றவளை மறக்குமா? மறக்கும் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். இந்தத் தடவை தலை போனாலும் வருவேன். இதையும் விட்டால் அவளுக்கு நான் யாரோதான்.

தையல்நாயகி


சேந்தமலை
3-12-1968

அன்புள்ள குழலி அம்மாவுக்கு,

உங்கள் மூட்டை சனிக்கிழமை காலை வந்தது. வார்டே திருவிழாவாகிவிட்டது. நீங்கள் ஒரு பிள்ளைக்கு அனுப்பினீர்கள், நான் இருபத்து நாலு பேருக்கும் பங்கு போட்டேன். இப்போது ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு பட்டு நட்சத்திரம் ஆடுகிறது. இரண்டு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்து நூலைச் சுற்றிச் சுற்றி வந்தால் நட்சத்திரம். மல்லாந்தபடியே மார்பின் மேல் வைத்துச் செய்யலாம். மற்றவர்கள் கண்டபடி சுற்றினார்கள். உங்கள் மகள் உதட்டை அசைத்துக்கொண்டு எண்ணி எண்ணிச் சுற்றினாள்.

மீதி நூலை நான் எடுத்துவைக்கப் போனேன், விடவில்லை. கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டாள். "தம்பி வாசனை வருது டீச்சர்" என்றாள். அந்த நூலில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் தூங்குகிறாள். மறப்பாளா என்று கேட்டீர்களே. இதுதான் என் பதில்.

இன்னொன்று. பத்திரிகையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, நூல் சுற்றி, சோற்றால் ஒட்டி வளையச் சங்கிலி செய்திருக்கிறாள். இருபத்து மூன்று வளையம். உங்கள் வரிசைதான், ஒன்று மாறவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு வளையத்தைக் கிழிக்கவேண்டும். கடைசி வளையம் கிழிகிற அன்று கிறிஸ்துமஸ். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். குழலி மட்டும் அதை மாற்றிக்கொண்டாள். இன்று காலை முதல் வளையத்தைக் கிழித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்கிறாள்: "இது தீந்துச்சுன்னா எங்க அம்மா வந்துடும்."

நான் திருத்தவில்லை. இரண்டும் ஒரே நாள்தானே.

அன்னம்மாள்


பிள்ளையார்பாளையம்
6-12-1968

டீச்சரம்மா,

இது என் கையெழுத்து இல்லை. நான் வாசலுக்கு உள்ளே நின்று சொல்ல, எதிர்வீட்டு மயில்வாகனம் அண்ணன் தெருவில் நின்று எழுதுகிறார். எங்கள் வீட்டில் அம்மன் வந்திருக்கிறாள். கந்தனுக்கு முத்து போட்டிருக்கிறது. மூட்டையைத் தபாலில் போட்ட மறுநாள் காலையில் கண்டேன். தலைவாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. தறி நின்றுபோயிற்று. தாளிப்பு இல்லை. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருக்கிற எதுவும் வெளியே போகக்கூடாது. பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போடக்கூடாது.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வாசலில் இருந்து வீசிவிட்டுப் போனார். "தம்பி வாசனை வருது" என்ற இடத்தைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. பாழாய்ப்போன நான், அவன் உருண்டு புரண்ட நூலையல்லவா மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். கதகதவென்று இருந்ததே, அப்போதே வந்துவிட்டாள். எனக்குத்தான் புத்தி இல்லை.

அந்த நூலைக் குழலி கன்னத்தை விட்டு எடுங்கள். நட்சத்திரம், சங்கிலி, ஒரு இழை பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் எடுங்கள். ஆனால் ஒரு காரியம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நெருப்பில் போடாதீர்கள். அம்மன் சூட்டோடு வந்திருக்கிறவள். அவள் தொட்டதை நெருப்பில் காட்டினால் உக்கிரமாகிவிடுவாள். மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து ஓடுகிற தண்ணீரில் விடுங்கள். அங்கே வாய்க்கால் ஏதாவது இருக்கும்.

நான் 25-ஆம் தேதி வரமுடியாது. கந்தனுக்கு அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் விட்டாலும், அதற்குள் வீட்டில் இன்னொருவருக்குப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்த வீட்டு ஆளை உங்கள் ஆஸ்பத்திரிக்குள் விடவும் மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் நான் வரவில்லை என்று மட்டும் குழலியிடம் சொல்லாதீர்கள். எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

(அம்மணி, இதுவரை சொன்னதை எழுதினேன். இப்போது அழுதுகொண்டிருப்பதால் நிறுத்துகிறேன். - மயில்வாகனம்)


சேந்தமலை
11-12-1968

குழலி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. படித்துவிட்டுப் பெரிய சிஸ்டரிடம் ஓடினேன். ஓடாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அதுவும் தப்பு. மாவுக்கட்டுக்கு உள்ளே கொப்புளம் போட்டால் அந்தப் பிள்ளை சொறியக்கூட முடியாது. இருபத்து நாலு பேருக்கும் நான்தான் அந்த நூலைப் பங்கு போட்டேன்.

வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். "அன்னம்மா, வாய்க்காலுக்குக் கீழே ஊர் இருக்கிறது" என்றார் சிஸ்டர். அவர் சொல்வதும் நியாயம். எல்லாவற்றையும் சமையல்கட்டுக்குப் பின்னால் கொட்டி எரித்தார்கள். நீங்கள் கும்பிட்டுக் கேட்டதை நான் காப்பாற்றவில்லை.

ஆயாக்கள் கட்டில் கட்டிலாக நட்சத்திரத்தை அறுத்தார்கள். எழுந்து தடுக்க முடியாத பிள்ளைகள். கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு இருபத்து மூன்று பேரும் ஓவென்று கத்தினார்கள். குழலி கத்தவில்லை. கன்னத்தடி நூலை நான் உருவினபோது விரலை இறுக்கினாள், பிறகு அவளே விட்டுவிட்டாள்.

சங்கிலியில் பதினாறு வளையம் மீதி இருந்தது. அதுவும் போயிற்று. அன்று மதியம் ஆஸ்பத்திரிப் பழைய சார்ட்டுகளைக் கீறி, சிவப்பு மருந்து, ஊதா மருந்து, மஞ்சள் தண்ணீர் மூன்றிலும் தோய்த்துப் புதுச் சங்கிலி செய்தேன். வார்டைப் பூட்டிவிட்டார்கள். யாருக்கும் கிறிஸ்துமஸுக்குப் பார்வை இல்லை. ஜனவரி 19-ஆம் தேதிதான் என்று சிஸ்டர் சொன்னார். அதனால் நாற்பத்தொரு வளையம் போட்டேன். "சங்கிலிக்கும் உடம்பு சரியில்லை பாப்பா, மருந்து போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இது உன்னுதுதான்" என்று சொன்னேன். அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது, ஏமாந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "வரிசை தப்பு" என்றாள்.

வீட்டிலிருந்து அனுப்புங்கள் என்று உங்களைக் கேட்டவள் நான். இந்த எண்ணம் என் தலையில் உதித்த நேரத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அன்னம்மாள்


பிள்ளையார்பாளையம்
16-12-1968

டீச்சரம்மா,

இன்னும் மயில்வாகனம் அண்ணன் கைதான். கந்தனுக்கு மூன்று தண்ணீரும் விட்டாயிற்று. இறங்கிவிட்டது. இப்போது என் வீட்டுக்காரருக்கு. பெரிய ஆளுக்கு வந்தால் கடுமை என்பார்கள், உண்மைதான். வேப்பிலைப் படுக்கையில் கிடந்துகொண்டு கரை வரிசையைப் பிதற்றுகிறார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நெருப்பில் போட்டுவிட்டீர்கள். நான் இத்தனை சொல்லியும் போட்டுவிட்டீர்கள். இனிமேல் வருவது வரட்டும், நான் அதைப்பற்றிப் பேசப்போவதில்லை.

(இந்த இடத்தில் அவர் சொன்னதில் நாலு வரியை நான் எழுதவில்லை. - ம.)

இருபத்து மூன்று தாய்மார் வரமுடியாமல் போனது என் மூட்டையால். அவர்களுக்கு இது தெரியுமா? தெரிந்தால் என் வம்சத்துக்கே மண்ணை வாரித் தூற்றுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் பொய் சொன்னதற்கு இல்லை. சொல்லச் சொன்னவளே நான்தான். அதை இப்படியா சொல்லுவது? கையில் கிடைத்த நிறத்தை எல்லாம் கோத்துவைத்து இது உன்னுது என்றால் அவள் நம்புவாளா? அவள் தறிக்காரன் பெண்ணு அம்மா. நாற்பது வரைக்கும் எண்ணத் தெரியாமல் இருக்கலாம். ஒரு இழை மாறினால் தெரியும். அவள் அப்பாவுக்கே ஒரு நாள் மாம்பழம் விட்டுப்போனது. தூளியிலிருந்து தலையை நீட்டி "நைனா, தப்பு" என்று கத்தியவள். மூன்று வயசு அப்போது.

இன்றைக்கே அதைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். சிவப்பு மூன்று, மஞ்சள் ஒன்று, ஊதா இரண்டு, மஞ்சள் ஒன்று. பச்சைக்கு ஊதா இருக்கட்டும், அந்த மாற்றத்தை அவள் ஒத்துக்கொள்வாள். கிழித்தது போக எத்தனை மீதியோ அத்தனைக்கும் இதே வரிசை. அவள் தூங்கும்போது செய்யுங்கள். காலையில் பார்த்தால், அம்மா வரிசையைச் சரி பண்ணி அனுப்பினாள் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

தையல்நாயகி


சேந்தமலை
27-12-1968

குழலி அம்மாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

குழலிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டது. பதினைந்தாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சின்னம்மைதான், உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் கட்டுக்குள்ளே சீழ் பிடித்துவிட்டது. பதினெட்டாம் தேதி மாவுக்கட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். மூடி வந்த எலும்பு அசைந்துவிட்டதாம். புதுக் கட்டு போட்டுவிட்டார்கள். நாலு மாதம் என்று எழுதினேனே, அது இனி இல்லை. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கேதான்.

நூலால் வந்தது என்று டாக்டர் சொல்கிறார். நெருப்பில் போட்டதால் வந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த இடத்தில் என் கை இருக்கிறது.

உங்கள் வரிசை பத்தொன்பதாம் தேதிதான் என்னிடம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவள் கிழிப்பதை நிறுத்திவிட்டாள். ஏழு வளையம் கிழித்திருந்தாள். எட்டாம் நாள் காலையில் சங்கிலியைக் கையில் கொடுத்தேன், வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். "கிழி பாப்பா" என்றேன். மாட்டேன் என்றாள். காய்ச்சலாக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் மாட்டேன். ஏன் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் சொன்னாள்.

"கிழிச்சா தீந்துடும் டீச்சர். தீந்து போயி அம்மா வரலைன்னா அப்பால இன்னா பண்றது?"

உங்கள் கடிதம் வந்த அன்று மதியம், நீங்கள் எழுதியபடி அவள் தூங்கும்போது வரிசையைச் சரிசெய்து ஒட்டினேன். எழுந்து பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இப்ப சரி" என்றாள். கிழிக்கவில்லை. முப்பத்து நாலும் அப்படியே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். வரவேண்டாம் என்ற கடிதம் போய்ச் சேராத எட்டு வீட்டுக்காரர்கள் பலகாரத்தோடு வந்து நின்றார்கள். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. மதில் பக்கம் நின்று கையை ஆட்டினார்கள். மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு ஜன்னல் எப்படித் தெரியும்? சமையல்கட்டில் ஆயா தலைவாரும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து கட்டில் கட்டிலாகத் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடிக்குள் அவரவர் அம்மாவைத் தேடினார்கள். குழலியிடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு வேணாம். எனக்கு இன்னும் இருக்குது" என்றாள்.

ஜனவரி 19 உறுதி. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் விட்டாயிற்று என்றால் தயவுசெய்து வாருங்கள். நான் இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்னம்மாள்


பிள்ளையார்பாளையம்
21-1-1969

டீச்சரம்மா,

இது என் கையெழுத்துத்தான். நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நடமாடுகிறார். தறியில் மறுபடி உட்காரக் கைநடுக்கம் விடவேண்டும்.

பத்து மணிக்கு என்னை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் வாசல் பக்கம் போய்விட்டீர்கள். எதற்குப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நின்றால் அவள் உங்கள் புடவையைத்தான் பிடிப்பாள். அதற்காகப் போனீர்கள். நான் அதை மறக்கமாட்டேன். ஆகையால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

கட்டில் பக்கத்தில் போய், "குழலி, அம்மா வந்திருக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் தொங்குகிற சங்கிலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ எங்க அம்மா இல்ல" என்றாள்.

"நல்லாப் பாருடி, நான்தான்" என்றேன்.

"இல்ல. இன்னும் இவ்ளோ இருக்குதே. அது தீந்தாத்தான் எங்க அம்மா வரும்."

டீச்சரம்மா, எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம். அந்தச் சங்கிலியைப் பிடுங்கி அத்தனையையும் ஒரே இழுப்பில் கிழித்துப்போடக் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் உடனே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். நட்சத்திரத்தை அறுத்த அன்று நீங்கள் எழுதினீர்களே, விரலை இறுக்கினாள் என்று. அதே விரல். அம்மைத் தழும்பு மூன்று இருந்தது அதில். என் கை தானாகக் கீழே வந்துவிட்டது.

அப்புறம் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "சரிமா, நான் உங்க அம்மா இல்ல. உங்க தெருதான். உங்க அம்மாதான் பாத்துக்கினு வரச் சொல்லிச்சு" என்றேன்.

அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பேச ஆரம்பித்தவள் நாலு மணி வரைக்கும் பேசினாள். தம்பிக்கு உடம்பு நல்லாயிடுச்சா, நைனா கோவமா இருக்குதா, நூலை எரிச்சிட்டாங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா, அம்மா திட்டுச்சா. நான் எல்லாவற்றுக்கும் அடுத்த வீட்டுக்காரி மாதிரி பதில் சொன்னேன். உங்க அம்மா திட்டல, உங்க அம்மா அழுதுச்சு, உங்க அம்மாவுக்கு உன் நெனப்புதான். பெற்ற வயிற்றோடு உட்கார்ந்து அப்படிப் பேசினேன். தலை வாரிவிடட்டுமா என்று கேட்டேன். சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உம்" என்றாள். தலையை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். வலித்தபோதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றாள். வீட்டில் என்னிடம் எப்படிச் சொல்லுவாளோ அப்படியே சொன்னாள்.

தெரிந்துகொண்டேதான் அப்படிப் பேசினாளா, நிஜமாகவே தெரியவில்லையா? பஸ்ஸில் எல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு நேரம் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது, ஒரு நேரம் இல்லை என்று தோன்றுகிறது. உங்களுக்குத் தெரிந்தாலும் எழுதவேண்டாம்.

மணி அடித்ததும் எழுந்தேன். புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "எங்க அம்மாகிட்ட சொல்லு. நான் மீதியில ஒண்ணுகூட கிழிக்கல, பத்திரமா வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் எனக்கு ஒரு காரியம் செய்யவேண்டும். அடுத்த பார்வை ஏப்ரல் 13 என்று வாசலில் பலகையில் எழுதியிருந்தது. இந்தக் கடிதம் உங்களுக்கு 24-ஆம் தேதி வரும். 25-ஆம் தேதி காலையிலிருந்து எண்ணினால் எழுபத்தொன்பது நாள். சங்கிலியில் முப்பத்து நாலு இருக்கிறது. இன்னும் நாற்பத்தைந்து சேர்க்கவேண்டும். அவள் தூங்கும்போது வேண்டாம், அவள் கண் முன்னாலேயே, அவள் கையாலேயே ஒட்டச் சொல்லுங்கள். வரிசையை அவளே சொல்லுவாள். இத்தனை நாள் ஆகும், அன்றைக்கு உன் அம்மா வருவாள், அதற்கு முன்னால் வரமாட்டாள் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரி இப்படிச் சொல்லி அனுப்பினாள் என்று சொல்லுங்கள், அவளுக்கு என்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது. வீட்டிலிருந்து நான் ஒரு இழைகூட அனுப்பமாட்டேன். காகிதமும் மருந்தும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வளையத்தைக் கிழிக்கிற அன்றைக்கு நான் வாசலில் நிற்பேன். அம்மா என்று கூப்பிட்டால் போவேன். அன்னைக்குத் தலைவாரிவிட்ட ஆளுதானே நீ என்று கேட்டால், ஆமாம்மா என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

தையல்நாயகி